மாப்பிள்ளை மோதிரம் யார் காசு?

மதுரை தெற்காவணி மூல வீதியில் முகூர்த்த மாதம் நெருங்குவதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆடி முடிவதற்குள்ளேயே நகைக்கடைகளில் ஒரு தனிக் கூட்டம் வந்து உட்காரும். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், விவரம் தெரிந்த ஒரு பெரியம்மா. பெண்ணுக்கான ஆரம், வளையல் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கைப்பையிலிருந்து பழைய மோதிரம் ஒன்று வெளியே வரும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அளவுக்காக வாங்கி வந்தது.

“மாப்ளைக்கா? எத்தன கிராம்ல பாக்குறீங்க?”

“அரைப் பவுன்னு பேசியிருக்கு. கல்லு வச்சதா காட்டுங்க. சும்மா வளையமா இருந்தா சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?”

அரைப் பவுன் என்றால் 4 கிராம். அந்த அளவை முடிவு செய்தது மோதிரம் போட்டுக்கொள்ளப் போகிறவர் இல்லை. போட்டுவிடப் போகிற பெண்ணும் இல்லை. தாம்பூலத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரு வீட்டுப் பெரியவர்கள் பேசியதில் முடிவானது அது. நிச்சயதார்த்த மோதிரத்தை ஆண்கள் போடலாமா என்று உலகின் வேறு மூலைகளில் விவாதம் நடக்கிறது. அந்தக் கேள்வியை மதுரையில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே மாப்பிள்ளைக்கு மோதிரம் போடாத நிச்சயத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரைக்காரர்கள் கேட்க வேண்டியது வேறொன்று: அந்த மோதிரத்துக்கு யார் பணம் கட்டினார்கள், யார் கேட்டு வாங்கினார்கள்?

மோதிரம் ஆணுக்கு அழகா, ஆண்மைக்கு இழுக்கா என்ற தயக்கம் இந்த மண்ணில் கிடையாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை முதல் மேலமாசி வீதி மொத்த வியாபாரி வரை ஆண்களின் விரலைப் பாருங்கள். நெளி மோதிரம், ராசிக்கல் மோதிரம், முருகன் முகம் பொறித்தது, தலைவர் படம் பதித்தது என்று ஏதாவது ஒன்று மின்னும். சடங்கிலும் ஆணின் விரலுக்கு இடமுண்டு. ஹோமத்தில் உட்காரும் மாப்பிள்ளை தர்ப்பைப் பவித்திரத்தை வலக்கை மோதிர விரலில்தான் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் நிச்சயதார்த்தத்துக்கும் மோதிரத்துக்கும் இருக்கும் உறவு அவ்வளவு பழையதல்ல. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பு எப்படி நடந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் தெரியும். முதலில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளையின் அக்காவோ அத்தையோ வந்து பெண்ணுக்குப் பூ வைப்பார்கள். அதன்பின் பரிசம் போடுதல். சேலை, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், மாப்பிள்ளை வீட்டுப் பரிசப் பணம் எல்லாம் தட்டில் வரும், தட்டு மாற்றுவார்கள். இத்தனையும் நடக்கும்போது பல வீடுகளில் மாப்பிள்ளை அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். வயலிலோ மில்லிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார். வாக்குக் கொடுத்ததும் வாங்கியதும் இரண்டு குடும்பங்கள். அதற்கு மாப்பிள்ளையின் விரல் தேவைப்படவில்லை.

அவரை மேடைக்குக் கொண்டுவந்ததே மோதிரம்தான் என்று சொல்லலாம். நிச்சயதார்த்தம் வீட்டுத் திண்ணையிலிருந்து மண்டபத்துக்கு மாறியது. மாலை, மேடை அலங்காரம், வீடியோ என்று வளர்ந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் ஏதாவது செய்தால்தானே படம் எடுக்க முடியும்? தட்டு மாற்றும் சம்பந்திகளை எத்தனை நேரம் எடுப்பது? மோதிரம் மாற்றும் காட்சி அந்தத் தேவையைக் கச்சிதமாக நிரப்பியது. சினிமாவும் கைகொடுத்தது. இன்று உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் மண்டபங்களில் நடக்கும் நிச்சயத்தின் உச்சக் காட்சி அதுதான். பெரியவர்கள் லக்னப் பத்திரிகை வாசிப்பது ஒரு ஓரமாக நடந்து முடியும்.

இதில் நல்லது ஒன்று இருக்கிறது. வாக்கைச் சம்பந்தப்பட்ட இருவரே கொடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணும் ஆணும் நேருக்கு நேர் நின்று, கை தொட்டு, எல்லோரும் பார்க்க ஒப்புக்கொள்கிறார்கள். முன்பு பெண்ணுக்குப் பூ வைப்பதோடு அவள் மட்டும் குறியிடப்பட்டாள். இப்போது அவனும்.

கெட்டது, அதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போன பரிசம் தேய்ந்து, பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் வரதட்சணை வளர்ந்தது. பரிசம் போட்ட சாதிகள் பலவற்றில் இந்தத் திருப்பம் ஒரே தலைமுறைக்குள் நடந்துமுடிந்தது. மாப்பிள்ளை மோதிரம் அந்தப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. “பொண்ணுக்கு முப்பது, மாப்ளைக்கு அஞ்சு” என்று பேசும்போது அந்த அஞ்சுக்குள் செயின், கைச்செயின், மோதிரம் மூன்றும் அடக்கம். மோதிரம் மாற்றும் மேடையில் இரண்டு மோதிரங்கள் இருக்கின்றன. பல வீடுகளில் இரண்டுக்கும் பில் கட்டியவர் பெண்ணின் அப்பா ஒருவர்தான்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது பெண் வீட்டாருக்கும் தெரிவதில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரிவதில்லை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கல்யாணப் பரிசுகளை முழுதாகத் தடை செய்யவில்லை. மணமகனுக்குக் கொடுக்கும் பரிசு யாரும் கேட்காமல் கொடுத்ததாக, வழக்கத்தில் உள்ளதாக, கொடுப்பவரின் வசதிக்கு மீறாததாக, பட்டியலில் எழுதப்பட்டதாக இருந்தால் குற்றமில்லை. 1985-இல் வந்த விதிகளின்படி மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்ததை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். மொய் எழுத நோட்டும் பேனாவுமாக மண்டப வாசலில் இரண்டு பேரை உட்கார வைக்கும் ஊர் இது. ஐந்நூறு ரூபாய் மொய்யை மூன்று தலைமுறைக்கு மறக்காது. ஆனால் இந்தப் பட்டியலை எழுதிய குடும்பத்தைக் காண்பது அரிது.

ஆக, பெண்ணின் அப்பா மனமுவந்து போட்ட அரைப் பவுன் மோதிரம் பரிசு. “கல்லு வச்சது வேணும், ஒரு பவுனுக்குக் குறையக் கூடாது” என்று கேட்டு வாங்கிய மோதிரம் வரதட்சணை. கேட்பதற்கே குறைந்தது ஆறு மாதம் சிறை என்கிறது அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வெளிப்பார்வைக்கு இரண்டு மோதிரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆண்கள் ஏன் மோதிரம் போட வேண்டும் என்பதற்கான வலுவான காரணத்தை மதுரையில் சித்திரை மாதம் பார்க்கலாம். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று கோயிலுக்குள்ளும் ஆடி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் திரளும் பெண்கள், அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஏறும் நேரத்தில் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வார்கள். உள்ளே நுழைய முடியாதவர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து மாற்றுவார்கள். பக்கத்தில் கணவன்மார் நிற்பார்கள். அவர்களுக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. கல்யாணமான பெண்ணுக்குத் தாலி, கால் விரலில் மெட்டி, வகிட்டில் குங்குமம். கல்யாணமான ஆணுக்கு எந்த அடையாளமும் கிடையாது. ஒரு காலத்தில் ஆண்களும் மெட்டி போட்டார்கள், தலை குனிந்து நடக்கும் பெண் எதிரே வருகிறவன் கல்யாணமானவன் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்று பெரியவர்கள் சொல்லும் கதை பரவலாக உண்டு. சில சமூகங்களில் மணமேடையில் மாப்பிள்ளையின் கால் விரலில் மெட்டி மாட்டும் சடங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. மறுவீட்டுக்குப் போகும் முன் பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுவார்கள்.

“நம்ம வழக்கத்துல மோதிரம் மாத்துறது எங்க இருக்கு? வெள்ளக்காரன் பழக்கம்” என்று ஒரு சித்தப்பா எல்லா நிச்சயத்திலும் சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86-ஆம் பாட்டு பழந்தமிழ்த் திருமணத்தை விரிவாகக் காட்டுகிறது. உளுந்து கூட்டிச் சமைத்த சோறு, பந்தல், மணல், விளக்கு, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டுவது என்று எல்லாம் அதில் உண்டு. மோதிரம் இல்லை. சித்தப்பாவுக்குச் சங்கடமான செய்தி, அந்தப் பாட்டில் தாலி கட்டுவதும் இல்லை. மதுரைக்குத் தென்மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் கனவில் கண்ட கல்யாணத்தில் தோரணம், பூரண குடம், கூறைச் சேலை, கைப்பற்றுதல், தீ வலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் எல்லாம் வரிசையாக வருகின்றன. தாலியும் மோதிரமும் அதிலும் இல்லை. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் இருக்கிறதே, ஊரே அச்சடித்துக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற சிற்பம், அதிலும் திருமால் தாரை வார்த்துக் கொடுக்க, சொக்கரின் கையில் மீனாட்சியின் கை சேர்கிறது. கல்யாணத்தைச் சிற்பி காட்டியது அந்தக் கைகளைக் கொண்டுதான். வழக்கம் என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் புதிதாக வந்தவை.

மோதிரம் நம் கதைகளில் இல்லாமலும் போகவில்லை. அசோகவனத்தில் சீதையிடம் அனுமன் கொடுக்கும் கணையாழி இராமன் விரலில் கிடந்தது. துஷ்யந்தன் சகுந்தலைக்குக் கொடுத்தது அவன் பெயர் பொறித்த அரச மோதிரம். இரண்டு இடத்திலும் மோதிரத்துக்கு உரியவன் ஆண்தான், அது செய்த வேலை உறவுக்குச் சாட்சி சொல்வது. கல்யாணத்துக்கு மறுநாள் மணமக்கள் குடத்துத் தண்ணீருக்குள் கைவிட்டு மோதிரம் தேடும் விளையாட்டு மதுரைப் பக்கம் இன்றும் நடக்கிறது. யார் கையில் சிக்குகிறதோ அவர் பேச்சுத்தான் வீட்டில் எடுபடும் என்று சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடுவார்கள். அந்தக் குடத்துக்குள் இருவர் கைக்கும் சம வாய்ப்புதான்.

தாலியா மோதிரமா என்ற தகராறு மதுரைக்கு 400 ஆண்டுகளாகப் பழக்கம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராவதற்குத் தமிழர் தம் நடையுடை பாவனைகளை விட வேண்டியதில்லை என்றார். பூணூல், சந்தனம், குடுமி எல்லாம் ரோம் வரை வழக்காகப் போய், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக ஆணையிட்டார். தகராறு அதோடு ஓயவில்லை. போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன், 1704-இல் மதுரை மறைபரப்புப் பணியின் பல வழக்கங்களுக்குத் தடை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும், 108 இழை மஞ்சள் கயிறும் அதில் அடக்கம். 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடைகளைப் பெரும்பாலும் உறுதி செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? தாலியை விடவில்லை, அதில் சிலுவையைப் பொறித்துக்கொண்டார்கள். இன்றும் மதுரைக் கத்தோலிக்கக் கல்யாணங்களில் தாலியும் உண்டு, மோதிரமும் உண்டு.

கிறிஸ்தவக் கோயில்களிலும் ஆணுக்கு மோதிரம் பிந்தித்தான் வந்தது என்பதை நம் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கச் சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் மணமகன்தான் மணமகளுக்கு மோதிரம் போடுகிறான். அவள் அவனுக்குப் போடுவதற்கு அதில் இடமே இல்லை. கத்தோலிக்கத் திருமணச் சடங்கிலும் இருவரும் மாற்றிக்கொள்வது 1969-இல் திருத்தப்பட்ட முறையில்தான் பொதுவானது. மதுரை முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு. தங்கம் ஆண்களுக்கு ஆகாது என்பது மார்க்கம். வெள்ளி மோதிரம் கூடும், நபிகளின் முத்திரை மோதிரம் வெள்ளிதான். மார்க்கப்படி பணம் போக வேண்டிய திசையும் தெளிவு: மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். கைக்கூலி என்ற பெயரில் அதற்கு நேர்மாறாகப் பணம் ஓடுவதை ஆலிம்கள் மேடை போட்டுக் கண்டித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆண் விரலில் கல்யாண மோதிரத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய அங்கீகாரம் நகைக்கடையிலிருந்தோ சினிமாவிலிருந்தோ வரவில்லை. சட்டமன்றத்திலிருந்து வந்தது. அதன் வேர் மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது.

அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதன்பின் தென் மாவட்டங்களிலும் செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் இப்படிக் கல்யாணங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தன. ஊர் ஏற்றுக்கொண்டது, சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில், சாஸ்திரச் சடங்கும் இல்லாமல், நீண்ட கால வழக்கம் என்ற ஆதாரமும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. மேடையில் பேச்சாளர் வாழ்த்த, மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் தம்பதிகளே இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது.

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா செய்த முதல் காரியங்களில் ஒன்று இதைச் சரிசெய்வது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது ஒருவருக்கொருவர் மாலையோ விரலில் மோதிரமோ போட்டுக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். முன்பு நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்று முன்தேதியிட்டுக் காப்பாற்றியது அந்தச் சட்டம்.

இந்தப் பிரிவில் கவனிக்க வேண்டியது அதன் சமநிலை. தாலியை ஒருவர்தான் இன்னொருவருக்குக் கட்ட முடியும். மாலையும் மோதிரமும் இருபுறமும் போக வேண்டும். அவன் அவளுக்குப் போட்டால் மட்டும் போதாது, அவளும் அவனுக்குப் போட வேண்டும். எந்த விரல் என்றுகூடச் சட்டம் நிபந்தனை போடவில்லை, ஏதாவது ஒரு விரல் போதும். இடக்கையா வலக்கையா என்று மேடையில் புகைப்படக்காரரும் அத்தையும் சண்டை போடும்போது இதைச் சொல்லலாம்.

7-ஏ வெறும் கொள்கைப் பிரகடனமாக நின்றுவிடவில்லை. முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், தீயின் முன் ஏழடி வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே இரண்டாவது கல்யாணமே செல்லாது, ஆகவே இருதார மணக் குற்றமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, சப்தபதி கட்டாயமில்லை என்று 2001-இல் நீதிமன்றம் அவர் வாதத்தைத் தள்ளியது. இப்படிப்பட்ட கல்யாணம் ஊரறிய நடந்தாக வேண்டும் என்பதில்லை, வழக்கறிஞர்களும் நண்பர்களாக முன்னிருந்து நடத்தலாம் என்று 2023-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அண்ணாவுக்கும் மோதிரத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டு அரசியலில் மிகப் பிரபலமான ஆண் மோதிரம் கல்யாணத்தில் போட்டதல்ல. 1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்குப் பரிசாகக் கருணாநிதிக்கு அண்ணா மேடையில் போட்டுவிட்டது. அந்தக் கணையாழியைக் கருணாநிதி வாழ்நாள் முழுவதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதற்குக் காசு கொடுத்தது யார் என்பது பற்றிக் கண்ணதாசன் ‘வனவாசம்’ நூலில் வேறு கதை எழுதியிருக்கிறார். அரசியலானாலும் கல்யாணமானாலும் மோதிரம் என்றவுடன் தமிழனுக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான் போலிருக்கிறது.

அமெரிக்காவில் வந்த சந்தேகம் முற்றிலும் வேறு. நிச்சய மோதிரம் அங்கே பெண்ணுக்கு உரியது என்பது ரோமாபுரிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். அன்று ஆண் அனுப்பியது இரும்பு மோதிரம். நிச்சய மோதிரத்தில் வைரம் பொதுவானதற்கு டி பீர்ஸ் நிறுவனம் 1947-இல் தொடங்கிய விளம்பர வாசகம் பெரும் காரணம். ஆண்களுக்கும் நிச்சய மோதிரத்தை விற்றால் வியாபாரம் இரட்டிப்பாகுமே என்று 1926-இல் அமெரிக்க நகை வியாபாரிகள் ஒரு முயற்சி செய்தார்கள். மோதிரத்துக்கு விமானி, கலைமான் என்று வீரமான பெயர்கள் வைத்தார்கள், விளம்பரத்தில் குதிரைவீரர்களைக் காட்டினார்கள். படுதோல்வி. நிச்சய மோதிரம் போட்ட ஆண் கேலிக்கு ஆளாவான் என்ற எண்ணத்தை விளம்பரத்தால் அசைக்க முடியவில்லை. ஆனால் ஆணுக்கான கல்யாண மோதிரம் அதற்குப் பின் வென்றது. இரண்டாம் உலகப் போருக்கு முன் 100-க்கு சுமார் 15 கல்யாணங்களில் மட்டுமே இருவரும் மோதிரம் மாற்றினார்கள், 1940-களின் இறுதியில் அது 80 ஆனது. போர்முனைக்குப் போன கணவன் விரலில் வீட்டின் நினைவாக அது இருந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சுவீடனில் நிச்சயம் ஆனதும் இருவருமே எளிய தங்க வளையம் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். பிரேசிலில் நிச்சயத்தன்று இருவர் வலக்கையிலும் ஏறும் வளையம் கல்யாணத்தன்று இடக்கைக்கு மாறுகிறது. அங்கெல்லாம் இருவருக்கும் ஒரே மாதிரி வளையம்தான். இங்கிலாந்து இளவரசர் வில்லியம் 2011-இல் கல்யாண மோதிரமே வேண்டாம் என்றார்.

போடாமல் இருக்க நியாயமான காரணமும் உண்டு. கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், மின்கம்பத்தில் ஏறும் வயர்மேன், போர்வெல் வண்டியில் குழாய் இறக்குபவர், இவர்களுக்கு விரலில் உலோகம் ஆபத்து. சுழலும் இயந்திரத்திலோ கொக்கியிலோ மோதிரம் மாட்டினால் விரலின் தோலும் சதையும் நரம்பும் உரிந்து வரும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் 2015-இல் தன் வீட்டுச் சமையலறையில் தடுக்கி விழுந்தார். மோதிரம் எங்கோ மாட்டிக்கொள்ள, விரலைக் காப்பாற்ற ஆறு மணிநேர அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இயந்திரத்தோடு வேலை செய்பவர் மோதிரத்தை வேலை நேரத்தில் கழற்றி வைப்பதைக் குறை சொல்லும் மாமியார் வீடு, அவர் விரலைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றுதான் பொருள்.

பெரும்பாலான மாப்பிள்ளை மோதிரங்கள் விரலை விட்டு இறங்குவது அடகுக்கடைக்குப் போகத்தான். அவசரத்துக்குத் தாலியை யாரும் உடனே கழற்ற மாட்டார்கள். ஆரம் வைத்தால் மாமியார் கேட்பார். மோதிரம் போனால் கேட்க யாருமில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், விதைநெல், பைக்கின் தவணை என்று அதற்கு ஆயிரம் வேலை. குடும்பத்துக்கு உதவுகிறதென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு எளிதாகக் கழற்ற முடிகிற பொருளைத் தாலிக்கு இணையான அடையாளம் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

வாங்குவதென்று முடிவானால் இருவருக்கும் ஒரே எடையில், ஒரே மாதிரி வாங்குவது நல்லது. அவள் மோதிரத்துக்கு அவனும், அவன் மோதிரத்துக்கு அவளும் சொந்தச் சம்பளத்தில் பணம் கட்டினால் இன்னும் நல்லது. மதுரையில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் இப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், கடைகளும் ஜோடி மோதிரங்களைத் தனித் தட்டில் வைக்கின்றன. 22 காரட் என்றால் 916 முத்திரையும், ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யூ.ஐ.டி. குறியீடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், மெல்லிய மோதிரம் வாங்குபவர்கள் கேட்டு வாங்குவது உத்தமம். கல் வைத்த மோதிரத்தில் கல்லின் எடையைத் தங்கத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறார்களா என்பதையும், சேதாரம் எத்தனை சதவீதம் என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஒரே எடை மோதிரங்களால் இன்னொரு லாபமும் உண்டு, அது யாரும் விரும்பாத நேரத்தில் தெரியவரும். நிச்சயம் ஆன பிறகு கல்யாணம் நின்றுபோவது இந்தப் பக்கம் அதிசயமில்லை. நிச்சயதார்த்தம் ஒரு திருமணமாகச் சட்டத்தில் கணக்கில் வராது. சமமாக மாற்றிக்கொண்டிருந்தால் இரு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து அவள் மோதிரத்தை அவளும் அவன் மோதிரத்தை அவனும் திருப்பிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். அஞ்சு பவுனில் ஒரு பகுதியாக, கேட்டு வாங்கியதாக இருந்தால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற வழக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம் வரை போகும். அங்கே அதிகாரி முதலில் கேட்பது பில் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான்.